சொன்ன பேச்சைக் கேட்காத வாய்ஸ் அசிஸ்டன்ட்: அப்டேட்டுக்குப் பிறகு வரும் கோளாறுகளுக்கு முழுமையான வழிகாட்டி

என் மேசைக் கணினியில் ஒரு அப்டேட் முடிந்த மறுநாள் வாய்ஸ் அசிஸ்டன்ட் விசித்திரமாக நடக்க ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாக இருக்கும். அப்புறம், சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்னும். ஐந்தாறு தடவை இதே கதை. செயலியை ரீசெட் செய்தேன், கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தேன், மொழிக் கோப்பை அழித்துத் திரும்ப இறக்கினேன். அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், மேசைக்கு அடியில் சுருட்டிப் போட்டிருந்த பழைய வெப்கேமின் மைக்கைத்தான் கணினி கேட்டுக்கொண்டிருந்தது. அப்டேட் அதை முதன்மை மைக்காக மாற்றிவிட்டிருந்தது. நான் பேசியதெல்லாம் அதற்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரிதான் கேட்டிருக்கும்.

அன்று நான் செய்த தப்பு, மேலிருந்து தொடங்கியதுதான். அசிஸ்டன்ட் என்பது ஒரே ஒரு செயலி இல்லை. மைக், அதன் டிரைவர் (மைக்கைக் கணினியோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்), எந்த மைக் என்ற தேர்வு, அதைத் தொடுவதற்கான அனுமதி, விழிப்புச் சொல்லை (அசிஸ்டன்டைக் கூப்பிடும் பெயரை) கவனிக்கும் பகுதி, பேச்சை எழுத்தாக்கும் பகுதி, இணையம், கணக்கு என்று வரிசையாகக் கோர்த்த சங்கிலி அது. அப்டேட் பெரும்பாலும் ஒரு கண்ணியைத்தான் அறுக்கிறது. எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினால், நன்றாக இருந்த கண்ணியும் சேர்ந்து கெடும். ஆகவே கீழே மைக்கிலிருந்து மேலே போவோம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், உடனே ஒரு சோதனை. விண்டோஸ் 11ஐ வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். மேக்குக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு.

முதலில், அந்த அசிஸ்டன்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இல்லாத ஒன்றைப் பழுதுபார்க்க உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். 2015இல் விண்டோஸ் 10உடன் கணினிக்கு வந்த கோர்ட்டானா என்ற அசிஸ்டன்ட், 2020இல் தனிச் செயலியாகப் பிரிக்கப்பட்டது. 2023இல் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவையே நிறுத்திவிட்டது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருந்த பழைய ஸ்பீச் ரெகக்னிஷனின் இடத்தில், 2024இலிருந்து விண்டோஸ் 11இல் வாய்ஸ் அக்செஸ் உட்கார்ந்திருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போனது இந்த இரண்டில் ஒன்றென்றால், அது கோளாறு இல்லை, ஓய்வு. எந்த ரீசெட்டும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

இன்று விண்டோஸ் 11இல் பேச்சைக் கேட்பவை மூன்று. கணினியையே குரலால் இயக்க வாய்ஸ் அக்செஸ். பேசினால் எழுத்தாக்கித் தர, விண்டோஸ் விசையோடு 'ஹெச்' அழுத்தினால் வரும் வாய்ஸ் டைப்பிங். பேச்சுத் துணைக்குக் கோபைலட். இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. வாய்ஸ் அக்செஸ் மொழிக் கோப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் கணினிக்குள்ளேயே வேலை செய்யும்; வாய்ஸ் டைப்பிங்குக்கு இணையம் வேண்டும். ஆக, இரண்டையும் அடுத்தடுத்து முயன்று பாருங்கள். வாய்ஸ் அக்செஸ் கேட்கிறது, வாய்ஸ் டைப்பிங் கேட்கவில்லை என்றால் உங்கள் மைக்கில் குறை இல்லை. இணையம் பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடலாம். இரண்டுமே செவிடாக இருந்தால் மைக் பக்கம்தான் சிக்கல். இரண்டும் கேட்டு, கோபைலட் மட்டும் கேட்கவில்லையா? அந்தச் செயலியை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு நிமிட வேலைதான், பாதி அலைச்சல் மிச்சம்.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

ரீஸ்டார்ட் செய்துபார் என்று சொன்னால் எல்லோருக்கும் எரிச்சல் வரும், எனக்கும்தான். ஆனாலும் சொல்ல ஒரு காரணம் உண்டு. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி ஆன் செய்யும்போது அதையே எடுத்துத் தொடர்கிறது. ஆகவே, இரவு அணைத்துக் காலையில் போட்டும் சரியாகவில்லை என்பதில் அர்த்தமில்லை. அரைகுறையாக ஏறிய டிரைவர் அப்படியே தொடரலாம். மெனுவில் ரீஸ்டார்ட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அப்டேட் பக்கத்தில் இன்னொரு ரீஸ்டார்ட் பாக்கி என்று காட்டினால் அதையும் முடித்துவிட்டு மேலே தொடருங்கள்.

மைக்குக்குக் காது கேட்கிறதா?

அசிஸ்டன்டை மறந்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து பத்து விநாடி பேசிப் பதிவு செய்யுங்கள். திரும்பப் போட்டுக் கேளுங்கள். தெளிவாகக் கேட்டால் மைக்கும் டிரைவரும் சரி. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் முதலில் விரலுக்கு எட்டுவதைப் பாருங்கள்: பல மடிக்கணினிகளில் மைக்கை அணைக்க மேல்வரிசையில் ஒரு விசை இருக்கும், சிலவற்றில் அதில் சின்ன விளக்கும் எரியும். ஹெட்செட்டின் கம்பியிலும் ஒரு மியூட் பட்டன் ஒளிந்திருக்கும். விண்டோஸ் அப்டேட் வழியாகச் சில சமயம் பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் வரும். அலுவலக ரக மடிக்கணினிகள் பலவற்றின் பயாஸ் அமைப்பில் மைக்கை அடியோடு அணைக்கும் தேர்வும் உண்டு. மைக் பட்டியலிலேயே இல்லாமல் மறைந்துவிட்டால் அங்கேயும் ஒரு பார்வை பார்க்கலாம்.

குரல் கேட்கிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதா? என் வெப்கேம் கதைதான். தவறான மைக்.

எந்த மைக் என்பதில்தான் பாதிச் சிக்கல்

டிரைவர் மாறும்போது விண்டோஸ் அந்தச் சாதனத்தைப் புதிதாக வந்த ஒன்றாகப் பதிவு செய்துகொள்வதுண்டு. நீங்கள் ஏற்கெனவே செய்த தேர்வு, ஒலி அளவு எல்லாம் பழைய பெயரோடு போய்விடும். வெப்கேம், ஹெட்செட், மடிக்கணினியின் சொந்த மைக் என்று மூன்று இருந்தால், எது முதன்மை என்பதைக் கணினியே முடிவு செய்கிறது.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் சவுண்ட். கீழே இன்புட் பகுதியில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அதன் மேல் அழுத்தினால் உள்ளே ஒலி அளவும் சோதனைப் பட்டனும் இருக்கும். சோதனையைத் தொடங்கி, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து வழக்கமான குரலில் பேசி நிறுத்தினால், இத்தனை சதவீதம் என்று முடிவு வரும். குனிந்து மைக்குக்குப் பக்கத்தில் போய்க் கத்தாதீர்கள். அசிஸ்டன்ட் கேட்கப்போவது நிமிர்ந்து உட்கார்ந்து பேசும் குரலைத்தான்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதே சவுண்ட் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அழுத்தினால் பழைய பாணிப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ரெக்கார்டிங் தாவலுக்குப் போங்கள். விண்டோஸ் ஒரு முதன்மை மைக்கை அல்ல, இரண்டை வைத்திருக்கிறது: பொது வேலைக்கு 'டீஃபால்ட் டிவைஸ்', அழைப்புகளுக்கு 'டீஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்'. அப்டேட்டுக்குப் பிறகு இவை இரண்டும் வேறு வேறு மைக்குகளில் போய் நிற்கலாம். வீடியோ அழைப்பில் என் குரல் கேட்கிறது, அசிஸ்டன்டுக்கு மட்டும் கேட்கவில்லை என்ற புதிருக்குப் பல நேரம் இதுதான் விடை. இரண்டையும் ஒரே மைக்குக்கு மாற்றுங்கள். பட்டியலின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, முடக்கிய சாதனங்களைக் காட்டும்படி கேட்டால் மறைந்திருந்ததும் தெரியும்.

அந்தப் பெட்டியிலேயே, மைக்கின் பண்புகளில், அட்வான்ஸ்டு தாவலில், மற்றச் செயலிகள் மைக்கைத் தனியுரிமையாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கும். ஏதாவது ஒரு ஒலிப்பதிவுச் செயலி மைக்கைப் பிடித்துவைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஒலியை மெருகேற்றும் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' தேர்வையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். புது டிரைவரோடு வரும் இரைச்சல் நீக்கி, பேச்சையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுவதுண்டு.

புளூடூத் ஹெட்செட் என்றால் ஆராய்ச்சி வேண்டாம். இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

அனுமதி

செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் மைக்ரோஃபோன். மூன்று அடுக்கு அனுமதி இருக்கிறது: கணினிக்கே மைக் திறந்திருக்க வேண்டும், செயலிகளுக்குத் திறந்திருக்க வேண்டும், ஸ்டோரிலிருந்து வராத டெஸ்க்டாப் செயலிகளுக்குத் தனி ஸ்விட்ச். மேலே இருப்பது அணைந்தால் கீழே இருப்பவை எல்லாம் வீண்.

ஸ்விட்ச்சை விட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு செயலியின் பெயருக்கும் கீழே, அது மைக்கைக் கடைசியாக எப்போது தொட்டது என்று காட்டும் சிறிய எழுத்து. அசிஸ்டன்டைக் கூப்பிடுங்கள், உடனே இந்தப் பக்கத்துக்கு வாருங்கள். இப்போதைய நேரம் காட்டினால், அது மைக்கைத் தொட்டுவிட்டது. சிக்கல் இதற்கு மேலே. அப்டேட் நடந்த தேதிக்கு முந்தைய நேரத்திலேயே நின்றிருந்தால், அன்றிலிருந்து அது மைக் பக்கம் வரவே இல்லை. இந்தச் சின்ன வரி ஒரு சாட்சி மாதிரி. டாஸ்க்பாரின் ஓரத்தில் தோன்றும் மைக் படமும் அப்படியே: அசிஸ்டன்ட் கேட்கும்போது அது வர வேண்டும்.

ஸ்விட்ச்கள் சாம்பல் நிறமாகி, உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று எழுதியிருந்தால் அது அலுவலகக் கொள்கை. நீங்கள் மல்லுக்கட்டிப் பயனில்லை, கணினிப் பிரிவில் கேளுங்கள்.

டிரைவர்: பொறுமை வேண்டிய இடம்

பதிவும் வரவில்லை, சோதனையிலும் பட்டை அசையவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'ஆடியோ இன்புட்ஸ் அண்ட் அவுட்புட்ஸ்', 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' இரண்டையும் விரியுங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதுதான் ஆள். தெரியாவிட்டாலும் மைக்கின் பண்புகளில் டிரைவர் தாவலுக்குப் போய்த் தேதியைப் பாருங்கள். 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தும் நிலையில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முந்தைய டிரைவருக்குத் திரும்பி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழையது இல்லை என்று பொருள்.

அடுத்த வழி, டிரைவரை நீக்கிப் புதிதாகப் போடுவது. நீக்குவதற்கு முன், கணினி தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஒலி டிரைவரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிப் தயாரிப்பாளரின் பொது டிரைவரை விட இதுவே மேல். மடிக்கணினியில் மைக் எந்த முனையில் இணைந்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். பிறகு சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்யும்போது, டிரைவரையும் சேர்த்து நீக்கும் டிக்கைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, இறக்கியதை நிறுவுங்கள்.

பதிப்பு எண்ணைப் படிக்கும்போது கவனம். 2021இல் விண்டோஸ் 11 வந்த புதிதில், இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி டிரைவரின் 10.29.0.5152, 10.30.0.5152 ஆகிய பதிப்புகள் இருந்த 11ஆம் தலைமுறை இன்டெல் கணினிகளில் நீலத்திரைப் பிழை வந்தது. மைக்ரோசாஃப்ட் அந்தக் கணினிகளுக்கு அப்டேட் போவதையே நிறுத்திவைத்தது. தீர்வு, கடைசிப் பகுதி 5714 அல்லது அதற்கு மேலுள்ள பதிப்பு. 10.30 என்பதால் அது 10.29ஐ விடப் புதியது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கடைசி நான்கு இலக்கங்களில்தான் விஷயம் இருந்தது. டிவைஸ் மேனேஜரில் உள்ளிணைந்த மைக்கின் பெயரோடு இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் என்று சேர்ந்திருந்தால் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிரைவர் சரியாகத் தெரிந்தும் சத்தமே இல்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ', 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்' இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்த்து, இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மொழியும் விழிப்புச் சொல்லும்

மைக் சரி, அனுமதி சரி, ஆனால் அசிஸ்டன்ட் புரிந்துகொள்ளவில்லை. பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு மொழித் தொகுப்பின் பேச்சுப் பகுதி மட்டும் உடைந்துபோவதுண்டு. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். உங்கள் மொழிக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளில் மொழித் தேர்வுகளைத் திறந்து, ஸ்பீச் பகுதி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இறக்குங்கள். அடுத்தபடியாக, அசிஸ்டன்டின் சொந்த அமைப்பிலும் அதே மொழிதான் தேர்வாகியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். திரை ஆங்கிலத்தில், பேச்சு மொழி வேறொன்றில் என்று இருந்தால் நீங்கள் சொல்வது எதுவும் பிடிபடாது.

பட்டனை அழுத்தினால் வேலை செய்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் வரவில்லை என்றால், இதுவரை பார்த்த எதையும் தொட வேண்டாம். விழிப்புச் சொல்லைக் கவனிப்பது கணினிக்குள் ஓடும் தனிச் சிறு பகுதி. கோபைலட்டில் 'ஹே கோபைலட்' என்பது நாமாக இயக்க வேண்டிய தேர்வு. அந்தச் செயலியின் அமைப்பில் போய் ஆன் செய்யுங்கள், செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வாய்ஸ் அக்செஸ் என்றால் திரையின் மேல் பட்டையில் அது உறங்கும் நிலையில் இருக்கலாம். மைக் பட்டனை அழுத்தி எழுப்பிவிடுங்கள்.

இணையம், கணக்கு, செயலி

இணையத்தில் குரலை அலசும் அசிஸ்டன்டுகள் சின்ன விஷயத்துக்கெல்லாம் விழும். கணினிக் கடிகாரம் தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது. முதலில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். விபிஎன் இருந்தால் நிறுத்திப் பாருங்கள். வைஃபையை விட்டுக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நிமிடம் இணைத்துப் பார்ப்பது இன்னும் வேகமான சோதனை: அதில் வேலை செய்தால் தடை உங்கள் வலையமைப்பில். பிரைவசி பகுதியின் ஸ்பீச் பக்கத்தில், இணையவழிப் பேச்சறிதல் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செயலி. கோபைலட் விண்டோஸோடு சேர்ந்து அப்டேட் ஆவதில்லை. ஸ்டோர் வழியாகத் தனியாக அப்டேட் ஆகிறது. விண்டோஸ் முன்னே போய், செயலி பின்தங்கி நிற்கலாம். ஸ்டோரில் அப்டேட் தேடிப் போட்டுவிடுங்கள். அதுவும் உதவாவிட்டால் செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ், அந்தச் செயலியின் மூன்று புள்ளிகள், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே முதலில் ரிப்பேர், அது பலிக்காவிட்டால்தான் ரீசெட். ரிப்பேர் உங்கள் தரவைத் தொடாது, ரீசெட் துடைத்துவிடும்.

மேக்காக இருந்தால்

ஆப்பிளின் அசிஸ்டன்டான சிரி 2016இல் மேக்ஓஎஸ் சியராவோடு மேக்குக்கு வந்தது. முறை அதேதான், இடங்கள் மட்டும் வேறு. சிஸ்டம் செட்டிங்ஸில் சவுண்ட், இன்புட்டில் பேசும்போது பட்டை ஆடுகிறதா? ஆடவில்லை என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து 'கோர்ஆடியோடி' என்ற செயல்முறையைத் தேடி நிறுத்துங்கள். அது தானாகவே மறுபடி தொடங்கும், ஒலி அமைப்பும் அதோடு புதிதாகும். ஆடுகிறது, ஆனால் சிரி கேட்கவில்லை என்றால் சிரியை அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி இயக்கி, குரல் பயிற்சியைத் திரும்பக் கொடுங்கள்.

பழைய ஒலிச் செயலிகளையும் சந்தேகியுங்கள். மெய்நிகர் ஒலிச் சாதனங்களை உருவாக்கும் செயலிகள் பல, லைப்ரரி கோப்புறைக்குள் ஆடியோ, அதற்குள் பிளக்-இன்ஸ், அதற்குள் ஹெச்ஏஎல் என்ற இடத்தில் தங்கள் கோப்பை வைக்கும். செயலியை நீக்கிய பிறகும் கோப்பு அங்கேயே கிடந்து, புது மேக்ஓஎஸோடு மோதும்.

மடிக்கணினியை மூடி, வெளித்திரையில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: ஆப்பிள் சிலிகான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) மடிக்கணினிகளிலும் டி2 பாதுகாப்புச் சிப் உள்ள இன்டெல் மடிக்கணினிகளிலும், மூடினால் உள்மைக் வன்பொருள் அளவிலேயே துண்டிக்கப்படும். எந்த அமைப்பாலும் அதை இணைக்க முடியாது. வெளி மைக் வேண்டும்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லையா?

ரெண்டு நிமிடத்தில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். விண்டோஸ், மேக் இரண்டுக்கும் பொருந்தும் சோதனை இது. அங்கே அசிஸ்டன்ட் வேலை செய்தால் உங்கள் கணக்கின் அமைப்புதான் கெட்டிருக்கிறது. அங்கேயும் செய்யாவிட்டால் இயங்குதளமே.

இயங்குதளம் என்றால் விண்டோஸில் முதல் படி, நிர்வாகி உரிமையோடு டெர்மினலைத் திறந்து, 'எஸ்எஃப்சி', ஒரு இடைவெளி, சாய்கோடு, 'ஸ்கேன்நவ்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடிப்பது. உடைந்த சிஸ்டம் கோப்புகளை அது தேடி மாற்றும். அடுத்தது, செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி பக்கத்திலுள்ள, விண்டோஸ் அப்டேட் மூலம் சிக்கல்களைச் சரிசெய்யும் தேர்வு. இருக்கும் அதே பதிப்பை மேலேயே மறுபடி நிறுவும்; கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கும். முழு ரீசெட்டுக்குப் போகும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

அப்டேட்டையே திருப்பி எடுப்பது கடைசி வழி. மாதாந்தர அப்டேட் என்றால் அப்டேட் ஹிஸ்டரியின் அடியில் அன்இன்ஸ்டால் இருக்கும். ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய அப்டேட் என்றால் ரிகவரி பக்கத்தில் 'கோ பேக்'. ஆனால் அதற்குப் பொதுவாக 10 நாள்தான் அவகாசம். பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து போய்விடும் என்பதால், நீக்கியபடியே மாதக்கணக்கில் விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீக்குங்கள், அப்டேட்டை ஓரிரு வாரம் நிறுத்திவையுங்கள், திருத்தம் வந்ததும் போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்ப வந்தால்

எந்த அப்டேட் என்று கண்டுபிடிக்க ஒரு பழைய கருவி இருக்கிறது. தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடுங்கள். நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும்: என்ன நிறுவப்பட்டது, எந்தச் செயலி செயலிழந்தது என்று ஒரே இடத்தில். அசிஸ்டன்ட் கெட்ட நாளின் மேல் அழுத்திப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட் என்று நாம் திட்டுவது, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒலி டிரைவராக இருப்பது அடிக்கடி நடக்கும்.

மாதாந்தர பாதுகாப்பு அப்டேட் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகிறது. மாதக் கடைசியில் வருவது விருப்பத்தேர்வான முன்னோட்டம். அப்டேட் பக்கத்தில், கிடைத்தவுடன் சமீபத்தியதைப் பெறும் ஸ்விட்ச்சை அணைத்துவைத்தால் அந்த முன்னோட்டங்கள் உங்களை முதலில் வந்து அடையாது. அப்புறம், எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு நாளில், டிரைவர் பதிப்பு எண், முதன்மை மைக்கின் பெயர், அனுமதிப் பக்கம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்த முறை கெடும்போது ஒப்பிட்டுப் பார்த்தால் எது மாறியது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என் வெப்கேமை டிவைஸ் மேனேஜரில் முடக்கி வைத்தேன். அடுத்த பெரிய அப்டேட் அதைத் தட்டி எழுப்பி மறுபடி முதன்மை மைக்காக உட்கார வைத்தது. இப்போது அதன் கேபிளையே கழற்றிவிட்டேன்.